ஜனவரிச் சோர்வும் ஒரகடத்து ஷிப்டும்

ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கள்கிழமைதான் ஆண்டிலேயே மனம் மிகவும் வாடும் நாள் என்று ஒரு செய்தி வருடந்தோறும் தவறாமல் வந்துவிடுகிறது. ‘ப்ளூ மண்டே’ என்று அதற்குப் பெயரும் உண்டு. இது பிறந்தது 2005இல், பிரிட்டனில். ஸ்கை டிராவல் என்ற பயண நிறுவனம் தன் விளம்பரத்துக்காக வெளியிட்ட ஒரு சூத்திரம் அது. கிளிஃப் ஆர்னல் என்பவர் பெயரில் வந்த அந்தச் சூத்திரம் வானிலை, கடன், கிறிஸ்துமஸ் முடிந்து எத்தனை நாள் ஆயிற்று, புத்தாண்டு உறுதிமொழி எப்போது உடைந்தது என்பதையெல்லாம் கூட்டி, பெருக்கி, வகுத்து ஒரு தேதியைச் சொன்னது. எந்த அலகில் அளந்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. மனம் வாடியவர்கள் விடுமுறைப் பயணத்துக்கு டிக்கெட் எடுப்பார்கள் என்பது மட்டும்தான் அதில் இருந்த உண்மையான கணக்கு.

மூன்றாவது திங்கள் எப்போதும் 15ஆம் தேதிக்கும் 21ஆம் தேதிக்கும் நடுவில்தான் வரும். தமிழ்நாட்டில் அது பொங்கல் வாரம், அல்லது ஊருக்குப் போனவர்கள் திரும்பும் வாரம். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்சாலை வட்டாரத்தில் அந்த வாரத்துக்கு ஒரு தனி முகம் உண்டு. திண்டுக்கல்லுக்கும் திருவண்ணாமலைக்கும் போன பெண்கள் பையும் பண்டமுமாக ஹாஸ்டலுக்குத் திரும்புவார்கள். காலையில் ஏரிக்கரைகளை ஒட்டிப் பனி மூட்டம், போகி அன்று அதோடு சேரும் புகை. 2018 போகியில் புகை மண்டி சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின. அந்த மங்கலில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால், காரணம் ஜனவரிதானா?

விளம்பரச் சூத்திரம் பொய் என்பதால் கேள்வியும் பொய்யாகிவிடாது. வெளிச்சத்துக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு இந்த வட்டாரத்தில் எந்த வழியாக வேலை செய்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

வானம் எவ்வளவு பறிக்கிறது?

ஸ்ரீபெரும்புதூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். மிக நீண்ட பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூன் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பர் 21 நண்பகலில் லண்டன் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில் தவழ்ந்துவிட்டுப் போகும். நமக்கு அதே நாளில் 53 டிகிரிக்கு மேல் ஏறும்.

மேகத்தைப் பார்த்தாலும் ஜனவரி குற்றவாளி ஆவதில்லை. சென்னைப் பகுதிக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொண்டுவருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. வானம் நாள்கணக்கில் மூடிக் கிடப்பது நவம்பரில். ஜனவரியில் மழை மிகக் குறைவு. பனி விலகியதும் வெயில் பளிச்சென்று அடிக்கும். பழந்தமிழ்க் கவிஞர்களும் பிரிந்தவரின் வரவுக்காகக் காத்திருக்கும் ஏக்கத்தை முல்லைத் திணையில் வைத்தபோது அதற்குக் கொடுத்த பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை. முன்பனிக் காலமான மார்கழி, தைக்கு அந்தப் பொறுப்பை அவர்கள் தரவில்லை.

ஆனால் ஜனவரிக்கு ஒரு சின்னக் கள்ளத்தனம் உண்டு. டிசம்பர் 21க்குப் பிறகு பகல் நீளத் தொடங்கினாலும் சூரிய உதயம் உடனே முந்துவதில்லை. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால், நம் பகுதியில் உதயம் மேலும் மேலும் தாமதமாகி, ஜனவரி பிற்பாதியில்தான் ஆண்டிலேயே மிகத் தாமதமான நேரத்தைத் தொடுகிறது: காலை 6.35 வாக்கில். மே மாதக் கடைசியில் அதே சூரியன் 5.41க்கெல்லாம் எழுந்துவிடும். ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். எட்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவருக்கு இது பொருட்டே இல்லை. ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

கண்ணின் இன்னொரு வேலை

1976இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நியூயார்க் வந்த நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவர், குளிர்காலம் வந்தால் தன் உற்சாகம் வடிந்துவிடுவதைக் கவனித்தார். 1980இல் ஆல்ஃபிரட் லூயி குழு, பிரகாசமான ஒளி மனித உடலில் மெலடோனின் சுரப்பை அடக்குகிறது என்று காட்டியது. இருட்டில் சுரந்து உடலுக்கு ‘இது இரவு’ என்று அறிவிக்கும் ஹார்மோன் அது. 1984இல் ரோசந்தாலும் சகாக்களும் குளிர்காலத்தில் வந்து வசந்தத்தில் விலகும் ஒருவகை மனச்சோர்வை விவரித்து, அதற்கு ஒளிச் சிகிச்சையையும் முன்வைத்தார்கள். காலையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளியின் முன் அரை மணி நேரம் உட்காருவது இன்று வழக்கமான முறை.

ஒளி எப்படி மனதைத் தொடுகிறது என்பதற்கான முக்கியமான துப்பு 2002இல் கிடைத்தது. விழித்திரையில் பார்வைக்கான கூம்பு, கோல் செல்களைத் தவிர, ஒளியை நேரடியாக உணரும் இன்னொரு வகை நரம்பு செல்லும் இருப்பதை டேவிட் பெர்சன் குழு நிறுவியது. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட இந்த செல்கள் உருவங்களைக் காட்டுவதற்கானவை அல்ல. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து, மூளையின் அடியில் இருக்கும் உடற்கடிகார மையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் இவற்றின் முதன்மை வேலை. நீல வானத்தின் ஒளிக்கு இவை அதிகம் துடிக்கும். மனிதக் கடிகாரம் தன் போக்கில் விட்டால் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடும். சார்லஸ் செய்ஸ்லர் 1999இல் அளந்தபோது சராசரி 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. அந்த மிச்சத்தை ஒவ்வொரு காலையும் திருத்தி வைப்பது வெளிச்சம். திருத்தம் தவறினால் தூக்கம், பசி, உடல் வெப்பம், மனநிலை எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நழுவும்.

இந்த விஞ்ஞானத்துக்கு எதிர்க்கேள்வியும் உண்டு. பருவச் சோர்வு பற்றிய பழைய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் ‘குளிர்காலத்தில் உங்களுக்கு மனம் வாடுகிறதா?’ என்று நேரடியாகவே கேட்டன. பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது. 2016இல் ஸ்டீவன் லோபெல்லோவும் சகாக்களும் அமெரிக்காவில் 34,294 பேரின் தரவை ஆராய்ந்தார்கள். அதில் பருவத்தைப் பற்றிய பேச்சே இல்லை. மனச்சோர்வின் அறிகுறிகள் மட்டும் கேட்கப்பட்டிருந்தன. பருவம், அட்சரேகை, சூரிய ஒளி எதனோடும் மனச்சோர்வு சேர்ந்து ஏறி இறங்கவில்லை. அதனால் பருவச் சோர்வு என்ற நோயே இல்லை என்றாகிவிடாது. சிலரை அது கடுமையாகத் தாக்குவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஊரே ஜனவரியில் வாடுகிறது என்ற நம்பிக்கைக்குத்தான் ஆதாரம் பலவீனம்.

மாத்யூ கெல்லர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணத்தைத் திறக்கிறது. வசந்தத்தின் இதமான வானிலை மனநிலையை உயர்த்தியது, ஆனால் வெளியில் நேரம் கழித்தவர்களுக்கு மட்டும். உள்ளேயே இருந்தவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. வானம் எப்படி இருக்கிறது என்பதற்கு முன்பு, அந்த வானத்தின் கீழ் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கூரைக்குக் கீழே

உச்சி வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மூடாக்காக இருக்கும் நவம்பர் பகலில்கூடத் திறந்த வெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். நல்ல வெளிச்சம் என்று நாம் நினைக்கும் தொழிற்கூடத்தில் மேசைமீது விழுவது 500 லக்ஸ். நுண்ணிய பொருத்து வேலை என்றால் 1,000 அல்லது சற்று அதிகம். நிமிர்ந்து பார்க்கும் கண்ணுக்குள் போவது அதைவிடக் குறைவு. ஒரகடத்தின் மிக இருண்ட மழை நாள், உள்ளே ஓடும் லைனைவிடப் பல மடங்கு பிரகாசமானது. கண் சட்டென்று பழகிக்கொள்வதால் நமக்கு அந்த வித்தியாசம் உறைப்பதில்லை. உடற்கடிகாரத்துக்கு உறைக்கிறது.

பழைய பஞ்சாலைகளை நினைத்துப் பாருங்கள். ரம்பப் பல் போல அடுத்தடுத்து எழும் கூரைகள், ஒவ்வொரு பல்லிலும் வடக்கு நோக்கிய கண்ணாடி. வெயிலின் சூடு இறங்காமல் பகல் வெளிச்சம் மட்டும் இறங்கும் ஏற்பாடு அது. மின்சாரம் மலிவாகக் கிடைத்து, தூசியும் ஈரப்பதமும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டிய மின்னணு உற்பத்தி வந்தபோது கூடங்கள் அடைத்த பெட்டிகளாயின. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது; 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்து 2014இல் மூடியது; ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர். இந்தக் கால் நூற்றாண்டில் ஏரிப் பாசன வயலில் பகல் முழுதும் வெயிலில் நின்ற ஒரு தலைமுறையின் பிள்ளைகள் டியூப்லைட்டின் கீழ் போய்விட்டார்கள்.

2022இல் ஒளி ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து ஒரு பரிந்துரையை வெளியிட்டார்கள். மெலனாப்சின் செல்கள் உணரும் அளவில், பகலில் கண்ணுக்குக் குறைந்தது 250 லக்ஸ் வேண்டும். படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் 10 லக்ஸுக்கு மேல் கூடாது. தூங்கும் அறையில் 1 லக்ஸுக்கு மேல் கூடாது. தொழிற்கூடத்தின் வெளிச்சம் பகல் இரண்டு மணிக்கும் இரவு இரண்டு மணிக்கும் ஒன்றேதான். பகலுக்கு அது பல இடங்களில் போதாது. இரவுக்கு மிக அதிகம்.

ஒரே விடியல், இரண்டு பலன்

பல ஆலைகளில் முதல் ஷிப்ட் காலை ஆறு மணியை ஒட்டித் தொடங்கும், இரண்டாவது பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி, நைட் ஷிப்ட் இரவு பத்து மணியை ஒட்டி. வாரத்துக்கு ஒருமுறை மாறும் இடங்களும் உண்டு. இந்த அட்டவணையை ஜனவரி உதயத்தோடு பொருத்திப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது.

முதல் ஷிப்டுக்குப் போகிறவர் நாலரை மணிக்கு எழுகிறார். மே மாதத்தில் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது விடிந்திருக்கும். பத்து நிமிட நடையில் கடிகாரத்தைத் திருத்தும் காலை ஒளி கிடைத்துவிடும். ஜனவரியில் அவர் பஞ்ச் செய்து உள்ளே போகும்போது இன்னும் இருட்டு. சூரியன் எழுந்து, பனி விலகி, வெளியே ஜகஜ்ஜோதியாக இருக்கும் நேரமெல்லாம் அவர் கூரைக்குக் கீழே. இரண்டு மணிக்கு வெளியே வந்தால் வெயில் உண்டு, ஆனால் காலை ஒளி தவறிவிட்டது. பருவச் சோர்வு என்ற பெயருக்கு அருகில் வரும் நிலை இந்த வட்டாரத்தில் யாருக்காவது உண்டென்றால், முதலில் இவருக்குத்தான்.

நைட் ஷிப்ட் முடித்து ஆறு மணிக்கு வெளியே வருகிறவருக்கோ அதே இருட்டு ஒரு சலுகை. விடியலின் ஒளி மூளையை எழுப்பிவிடும். மே மாதத்தில் பஸ் ஜன்னல் வழியே முகத்தில் அறையும் வெயில், ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்தாலும் தூக்கத்தைத் தள்ளிப்போடும். ஜனவரியில் அந்தத் தொல்லை குறைவு. மே மாதப் பகலின் 37, 38 டிகிரி வெப்பத்தில் ஃபேனுக்கு அடியில் புரள்வதைவிட ஜனவரிப் பகல் தூக்கம் ஆழமானது. நைட் ஷிப்ட்காரருக்கு ஆண்டின் கருணையான மாதம் ஜனவரிதான்.

ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே ஜனவரி எதிரெதிரான பலனைத் தருகிறது. ஆகவே மனநிலையை மாதத்தின் பெயரைக்கொண்டு விளக்கப் போனால் இரண்டு பேரில் ஒருவரைப் பற்றித் தப்பாகத்தான் சொல்வோம்.

மதுரை வௌவால்கள் சொன்னது

இதில் இன்னொரு இழையும் உண்டு. அது கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்த எம். கே. சந்திரசேகரனும் அவருடைய சகாக்களான மாரிமுத்து, ராஜன் ஆகியோரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு அது. பகலும் இரவும் தெரியாத இருண்ட குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். குகையில் மற்ற வௌவால்கள் அந்தியில் பறந்து போய் விடியலில் திரும்பியவரை, ஒளியே பார்க்காத கூண்டு வௌவாலும் 24 மணி நேரக் கணக்கைப் பிசகாமல் காத்தது. துணையே இல்லாத குகையில் வைத்தபோது அதன் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு நழுவியது. கூட்டத்தின் போக்குவரத்தே அதற்குக் கடிகாரமாக இருந்திருக்கிறது.

மனிதருக்கு ஒளியே முதன்மையான திருத்தி. ஆனாலும் சாப்பாட்டு நேரம், பேச்சு, வீட்டார் எழும் நேரம் எல்லாம் நம்மையும் இழுத்துப் பிடிக்கின்றன. ஒரே அறையில் மூன்று ஷிப்ட் ஆட்கள் தங்கும்போது ஒருவர் படுக்கும் நேரத்தில் இன்னொருவர் தலை சீவிக்கொண்டிருப்பார். பொங்கலுக்கு ஊரில் நான்கு நாள் எல்லோரோடும் எழுந்து, எல்லோரோடும் சாப்பிட்டு, எல்லோரோடும் தூங்கிவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்த வாரத்தில் வரும் கனத்த மனசில் ஏக்கமும் உண்டு, நேரம் பிசகிய உடலும் உண்டு. உடற்கடிகாரம் ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேரம் மாறும் ஷிப்டுக்கு அது பழகி முடிக்கும்போது வாரம் முடிந்து அடுத்த ஷிப்ட் வந்துவிடுகிறது.

ஷிப்ட் வேலைக்கும் மனச்சோர்வுக்குமான தொடர்பு, வானிலைக்கும் மனச்சோர்வுக்குமான தொடர்பைவிட உறுதியானது. ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வில், ஷிப்ட் வேலை செய்வோருக்கு மனச்சோர்வு அறிகுறிகளின் ஆபத்து சுமார் 33 சதவீதம் கூடுதலாக இருந்தது. பெண்களுக்கு இன்னும் அதிகம். பிரிட்டனில் சுமார் 87,000 பேர் மணிக்கட்டில் ஒளியளவி கட்டிக்கொண்ட ஆய்வு 2023இல் வந்தது. இரவில் அதிக ஒளி பட்டவர்களிடம் மனச்சோர்வு சுமார் 30 சதவீதம் கூடுதல். பகலில் அதிக ஒளி பெற்றவர்களிடம் சுமார் 20 சதவீதம் குறைவு. எது காரணம், எது விளைவு என்று இத்தகைய ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது; சோர்ந்தவர் வெளியே போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பகல் ஒளியும் இரவு ஒளியும் தனித்தனியே எதிர்த் திசையில் இழுப்பதைக் கவனிக்க வேண்டும்.

செய்யக் கூடியது

சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனுக்கு வெளியே பத்துப் பதினைந்து நிமிடம் நின்றாலே உள்ளே பல மணி நேரத்தில் கிடைக்காத ஒளி கண்ணுக்குக் கிடைக்கும். மூடாக்கு நாளிலும் கிடைக்கும். நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்புகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போடலாம். டூவீலர் ஓட்டுகிறவர்களுக்கு இது ஆகாது, தூக்கக் கலக்கம் ஆளைக் கொல்லும். அறைக்குக் கனமான திரை வேண்டும். வைட்டமின் டி மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பை, 18,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2020இல் முடிவு வெளியான ஒரு பெரிய சோதனை உறுதி செய்யவில்லை. பாதாம், முட்டை என்று யாராவது சொன்னால் சத்துக்குச் சாப்பிடுங்கள், ஒளிக்கு அது ஈடாகாது.

இரவுச் சாப்பாடு பற்றி 2022இல் ஒரு சுவையான முடிவு வந்தது. பாஸ்டனில் 19 பேரை ஆய்வகத்தில் நைட் ஷிப்ட் போல விழித்திருக்கச் செய்தார்கள். பகலிலும் இரவிலும் சாப்பிட்ட குழுவில் மனச்சோர்வு போன்ற நிலை சுமார் 26 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களிடம் கூடவில்லை. மிகச் சிறிய சோதனை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவரைப் பட்டினி போடச் சொல்ல இது ஆதாரம் ஆகாது. கம்பெனிக் கேன்டீன்கள் நள்ளிரவில் சோறு, குழம்பு என்று முழுச் சாப்பாடு போடுவதை மறுபடி யோசிக்க மட்டும் இது போதும்.

ஆனால் இதையெல்லாம் தொழிலாளியின் தலையில் கட்டிவிட்டு நிர்வாகமும் அரசும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஷிப்டைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழற்றுவது உடலுக்கு எளிது. அதை முடிவு செய்கிறவர் மேலாளர். ஒரே ஷிப்ட் ஆட்களை ஒரே தளத்தில் தங்கவைப்பது விடுதி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. அந்த அளவுக்குப் பெரிய கட்டடத்தில் இப்படிப் பிரித்து வைப்பதற்கு இடம் ஒரு தடையே இல்லை.

வேலை நேரத்தின் நீளமும் ஒளிக் கணக்கில் சேரும். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது என்று அரசு சொன்னாலும், எதிர்ப்பு வலுத்து மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஜனவரி நடுவில் இந்த அட்சரேகையில் பகல் 11 மணி 25 நிமிடம்தான். பன்னிரண்டு மணி நேரப் பகல் வேலையும் போக வர பஸ் பயணமும் சேர்ந்தால் அந்த நாளில் சூரியனே மிச்சமிருக்காது. விவாதத்தில் கூலியும் உரிமையும் பேசப்பட்டன. இந்தக் கணக்கும் பேசப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாச் சோர்வையும் ஒளியில் கொண்டுபோய் முடிப்பதும் தவறு. ஒப்பந்த வேலை, கடன், வீட்டுப் பிரிவு, மேற்பார்வையாளரின் சுடுசொல் இவற்றுக்கெல்லாம் லக்ஸ் அளவு மருந்தாகாது. உற்சாகமின்மை, தூக்கக் கேடு, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு மருத்துவ உதவி வேண்டும். மத்திய அரசின் டெலிமானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 17ஆம் பிரிவில், வேலை நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் இயற்கையாகவோ செயற்கையாகவோ போதுமான, பொருத்தமான வெளிச்சம் வேண்டும் என்றது. ஊசி முனையும் இயந்திரப் பல்லும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அன்றைய நோக்கம். மெலனாப்சின் செல்கள் கண்டறியப்பட இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அன்று சட்டம் எழுதியவர்கள் அதை எதிர்பார்த்திருக்க முடியாது. இன்று தெரிந்துவிட்டது. ‘போதுமான வெளிச்சம்’ என்பதை வேலை செய்யும் கைக்கு மட்டும் அளக்காமல், நாளைக்கு எவ்வளவு பகல் ஒளி ஒரு தொழிலாளியின் கண்ணுக்குப் போகிறது என்றும் தொழிற்சாலை ஆய்வாளர் அளக்கத் தொடங்கலாம். அதற்கான கருவி கைக்கடிகார அளவில் வந்துவிட்டது. ஒரு ஜனவரியில், மூன்று ஷிப்டிலும், சிலரின் மணிக்கட்டில் அதைக் கட்டிப் பார்த்தால் போதும். ஜனவரியைக் குற்றம் சொல்வதா, அட்டவணையைத் திருத்துவதா என்ற கேள்விக்கு எண்களோடு பதில் வந்துவிடும்.